கார் ஷெட் கதவின் சத்தம்

யுத்தம் முடிந்த வருசம். கூடலூரில் ஏலத்தோட்ட முதலாளி வீட்டு கார் ஷெட் கதவு கீச்சிடுகிறதென்று தச்சனான என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் வேலை. அங்கே கார் ஓட்டியவர் நரைத்துப்போன, ஒல்லியான மனிதர். ஏறுமுன் ஒவ்வொரு தடவையும் குனிந்து காருக்கு அடியில் பார்ப்பார்.

கடைசி நாள் கீலுக்கு எண்ணெய் விடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆசாரியாரே, தொங்குற கதவைத் தூக்கி நிறுத்துனது போதும். எண்ணெய் வேணாம்."

"சத்தத்தை நிப்பாட்டத்தானண்ணே மொதலாளி கூப்பிட்டாக."

"முத்தத்துல ஏலக்கா பொறுக்குற பொம்பளைக, கதவு கத்துனாத்தான் தவழுற பிள்ளைகளைத் தூக்கிக்கிருவாக. முன்னால ஒருக்க நானே எண்ணெய் விட்டேன். யாருக்கும் கேக்கல. வண்டியைப் பின்னால எடுத்தேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து காருக்கு அடியில் பார்த்தார். எண்ணெய்க் குப்பியை மூடினேன்.

முதலாளியிடம், மரம் அப்படி, சத்தம் போகாது என்றேன்.

"நீயெல்லாம் ஒரு ஆசாரியாடா" என்றார். பிறகு அந்த வீட்டில் என்னைக் கூப்பிடவே இல்லை.

சக்கரத்தில் சிக்கிய அந்தப் பிள்ளையின் தாய், நான் வேலை பார்த்த நாளிலும் முற்றத்தில் இருந்தாளா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் எந்தக் கீலுக்கு எண்ணெய் விட்டாலும், முதலில் முற்றத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.