உப்பேறிய சுவர்

சென்னையில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு கோடையில் இரண்டு மாத விடுப்பெடுத்து ஆம்பூருக்குப் போனேன். ஏழைத் தொழிலாளருக்கு வீடு கட்டித் தரும் சங்கம் ஒன்று அங்கே இருந்தது. சம்பளம் கிடையாது. கட்டுபவர்கள் தாமாக வந்தவர்கள். வீடு பெறும் குடும்பமும் கூடவே உழைக்க வேண்டும். மற்றத் தொண்டர்கள் எல்லாரும் ஒரே கல்லூரி மாணவர்கள். என்னிடம் மரியாதையாகப் பேசுவார்கள். நான் அகன்ற பிறகு சிரிப்பார்கள். முதல் வாரத்திலேயே தனியாகச் சாப்பிடப் பழகிவிட்டேன்.

என் பொறுப்பில் விடப்பட்ட வீடு, தோல் பதனிடும் ஷாப்பில் கழுவும் வேலை செய்யும் ஒரு பெண்ணுடையது. கணவன் இல்லை. ஷாப்பு மதிலை ஒட்டிய ஓலைச் சார்ப்பில் தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருந்தாள். வைகாசி முடிவதற்குள் சார்ப்பைப் பிரித்துவிட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அதற்குள் அவளுக்கு வீடு வேண்டும்.

மண் குழைக்க அவள் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் சுமந்து வந்தாள். போய்வர முக்கால் மணி நேரம், கடிகாரத்தில் பார்த்தேன். தெருமுனையிலேயே ஒரு கிணறு இருந்தது.

“ஏம்மா, இங்கயே எறைச்சா என்ன?”

“அந்தத் தண்ணி வாணாம் சார். செவுரு நிக்காது.”

“நாள் இல்லம்மா.”

எதிர்வீட்டுக்காரி குரல் கொடுத்தாள்: “சார் சொன்னா செவுரு கூட கேக்கும்டி. நீ கம்முனு இரு!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிணற்று நீரில் வேலை வேகமாக நடந்தது. சுவர் முடிந்ததென்று சங்கத்துக்கு நான்கு வரி எழுதி அனுப்பினேன்.

காய்ந்த சுவர் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்தது. விரல் பட்ட இடத்தில் மண் மாவாக உதிர்ந்தது. உப்பிட்டு வரும் தோல்களைக் கழுவிய நீர் பல வருஷங்களாக அந்த நிலத்தில் இறங்கியிருந்தது.

“காரணத்தைச் சொல்லியிருக்கலாமே?”

“தெருவுல எல்லாத்துக்கும் தெரியும் சார். ஒரு வாய் குடிச்சிருந்தா நீங்களே துப்பியிருப்பீங்க.”

உண்மைதான். எங்களுக்குக் குடிநீர் தினமும் ரயில் நிலையத்திலிருந்து வந்தது. அந்தத் தெருவில் தொண்டர் ஒருவரும் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அப்படி யாரும் முடிவு செய்யவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

சுவரை இடித்தோம். விடுமுறை முடிந்து மாணவர்கள் ஒரே வண்டியில் போய்விட்டார்கள். என் அறிக்கை தவறு என்று சங்கத்துக்கு எழுதினேன். பத்திரிகைக்கு எழுதி விடுப்பை நீட்டினேன். விடியற்காலையில் நானும் ஆற்றுக்குக் குடம் தூக்கினேன். அவள் பத்தடி முன்னால் நடப்பாள். ஒருநாள் மட்டும் திரும்பினாள்.

“கொடத்த இடுப்புல வெக்காதீங்க சார். தோள்ல வைங்க. ஊரே பாத்து சிரிக்குது.”

வைகாசி கடைசி நாளில் சுவர்கள் நின்றன, கூரை இல்லை. ஷாப்பு ஆட்கள் வருமுன் அவளே சார்ப்பைப் பிரித்து ஓலைகளைக் கொண்டுவந்தாள். பாதி வீட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. அந்தப் பாதிக்குள் அடுப்பு மூட்டினாள். தெருப் பெண்கள் உள்ளே போனார்கள். பேச்சும் சிரிப்பும் கேட்டன.

வாசலுக்கு வெளியே சிறிது நேரம் நின்றேன். கூப்பிட்டால் போயிருப்பேன். அந்தத் தெருவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காத நான், அதை அவள் அறிய ஒரு வழியும் வைத்திருக்கவில்லை. மண்வெட்டியைக் கழுவிச் சாய்த்து வைத்துவிட்டு, மாலை வண்டிக்கு நடந்தேன்.