போர்வைக்குள் இருந்த இஞ்சின்

கடலரிப்பில் வீடு போனதிலிருந்து தூத்துக்குடிக் கடற்கரையோரம் தகரக் கொட்டகைகளில்தான் குடியிருக்கிறோம். முன்பு சிலர் வந்து படமெடுத்துப் போனார்கள். பின்னாலேயே வந்த புல்டோசர் எங்கள் வலைகளையும் சேர்த்து அள்ளியது. அதனால் போன மாதம் ஒரு பெண் விசாரித்துக்கொண்டு வந்தபோது பக்கத்துக் கொட்டகை மரியாளை உஷார்படுத்தினேன்.

"ஏளா, வலையை மறைச்சு வை. கண்டா தூக்கிட்டுப் போயிருவாவ."

தெரு முழுக்க அப்படியே செய்தது. நான் படகு இஞ்சினைப் போர்வையால் மூடினேன். அந்தப் பெண் அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"இங்கே யாரும் கடலுக்குப் போறதில்லையா?"

"இல்ல, எல்லாருக்கும் கொத்து வேலை."

அவர் முகம் வாடிவிட்டது. "கரையிலேயே உங்களுக்கு வீடு கேட்டுப் போராடறோம்க்கா. மீன்பிடித் தொழில் இல்லேன்னு ஆனா, அதிகாரிங்க உங்களை ஊருக்கு வெளியே மாடி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

நான் நம்பவில்லை. ஆனால் அவர் எழுந்தபோது சேலையெல்லாம் இஞ்சின் ஆயில். போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்; எங்கள் தெருவை மீனவர் குடியிருப்பு என்றே எழுதிக்கொண்டார். அந்தக் கறைதான் எங்களைக் காப்பாற்றியது.

இப்போதும் யார் வந்தாலும், "உங்கள அனுப்புனது யாரு?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பதில் பிடிக்காவிட்டாலும் வலையை வாசலிலேயே விரித்து வைக்கிறேன். அதை மறைத்தால், எங்களைக் கிளப்ப நினைப்பவர்களுக்குத்தானே வசதி!