தேசப்படத்தில் ஒரு பென்சில் புள்ளி

எங்கள் வகுப்புச் சுவரில் திருவிதாங்கூர் ராஜ்யத்தின் படம் ஒன்று தொங்கியது. மேற்கே நீலக் கடல், நடுவில் பச்சை மலை, கிழக்கு ஓரத்தில் மிளகளவு எங்கள் செங்கோட்டை. அதற்கப்பால் வெறும் வெள்ளைத் தாள். தென்காசியும் இல்லை, குற்றாலமும் இல்லை. அவை வெள்ளைக்காரன் சீமை. எங்கள் மகாராஜாவுக்கு அங்கே அதிகாரம் கிடையாது. ஆனால் என் தாய்மாமா வீடு அந்த வெள்ளைத் தாளில்தான் இருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வகுப்பில் யாரும் இல்லாத நேரம் பெஞ்சில் ஏறி, செங்கோட்டைக்குக் கிழக்கே ஒரு பென்சில் புள்ளி வைத்து, மாமாவை ராஜ்யத்தில் சேர்த்துவிட்டேன்.

அப்போது நான் பதினொரு வயதுச் சிறுமி. எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் போகலாம் என்று மகாராஜா அரசாணையாக விளம்பரம் போட்ட மறு ஆண்டு. சரித்திர சார் அந்த விளம்பரத்தை எங்களுக்கு மனப்பாடப் பாடமாகவே ஆக்கிவிட்டார். ராஜ்யம் பத்மநாபசுவாமிக்குச் சொந்தம், ராஜா அவருடைய தாசன், பிரஜா சபை என்று ஒன்று உண்டு, அதற்கு வோட்டுப் போட யாருக்குப் பாத்தியதை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார். அதெல்லாம் எனக்கு இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் போனது. விளம்பரம் மட்டும் தலையில் நின்றது. “சட்டம்னா வீட்டுக்கு ஒண்ணா இருக்காது பிள்ளைகளா, எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்று அவர் மேசையைத் தட்டிச் சொன்னதும் நின்றது.

விளம்பரத்தை என்னைவிடப் பிழையில்லாமல் ஒப்பிக்கக்கூடியவள் ஒருத்திதான், இசக்கி. அது வரும்வரை கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த சாதியில் பிறந்தவள். அவள் அப்பா, எல்லைக்கு அந்தப் பக்கம் என் மாமாவின் வயலை, விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்குப் பயிரிட்டார். அந்த நெல்லில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது, அவள் படிப்பும் நடந்தது. நான் அவளை ஏட்டி என்று உரிமையாகக் கூப்பிடுவேன். அவள் என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூச்ச சுபாவம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆடியில் மாமா ஊர் அம்மன் கோயிலில் கொடை விழா. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், சாரல் வந்து விழுகிற தூரத்தில் இருந்த சின்ன ஊர் அது. கோயில் மாமா குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. கொடை பார்க்க நான் இசக்கியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பதைவிடப் பிடித்து இழுத்தேன் என்பதுதான் சரி.

“அது அந்தப் பக்கம்லா? அங்கன இந்தச் சட்டம் செல்லுமா?” என்று கேட்டாள்.

படத்தருகே கூட்டிப்போய்ப் புள்ளியைக் காட்டினேன். “பாருட்டி, மாமா ஊரு நம்ம படத்துலதான் இருக்கு.”

அவள் புள்ளியைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “பென்சில்லா அது?” என்றாள்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வருகிறேன் என்றாள். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கொடையைக் கோயிலுக்குள் நின்று அவள் பார்த்ததே கிடையாது.

அம்மா முந்தின நாளே போயிருந்தாள். என்னை ஏற்றிக்கொள்ள வந்த மாமா வீட்டு வண்டிக்காரரிடம், இவளும் வருகிறாள் என்றேன். அவர் மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுத்துச் சரிசெய்தார். எல்லைச் சுங்கச் சவுக்கையில் சேவகர் எங்கள் துணிப்பையைக் குத்திப் பார்த்து, மிளகு இருக்கா, புகையிலை இருக்கா என்று விசாரித்தார். சட்டம் இருக்கா என்று கேட்கவில்லை. ஆகவே அதைத் தாராளமாகக் கொண்டுபோகலாம் என்று எனக்குத் தோன்றியது.

கோயில் கூட்டத்தில் முதலில் யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. சந்நிதிக்கு நேரே போய் நின்றோம். இசக்கி கும்பிட்ட கையை நெடுநேரம் இறக்கவில்லை. பூசாரிதான் முதலில் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். மேளம் நின்றது. யாரோ ஓடிப்போய் மாமாவை அழைத்து வந்தார்கள்.

மாமா கத்துகிற மனிதர் அல்ல. தன்மையானவர் என்று ஊரெல்லாம் பெயர். “என்ன மருமவளே, கூட யாரு?” என்றார்.

நான் விளம்பரத்தைச் சொல்லத் தொடங்கினேன். மகாராஜாவின் பட்டப்பெயர்கள் ஒன்றுவிடாமல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொன்னேன். மாமா கைகட்டிக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முடித்ததும் சிரித்தார்.

“நல்லா படிச்சிருக்கிய ரெண்டு பேரும்” என்றார். பிறகு இசக்கியிடம், “நீ யாரு மவட்டி?” என்று கேட்டார்.

இசக்கி என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிகிற பிடி. பயந்துவிட்டாள், நாம்தான் கைகொடுக்க வேண்டும் என்று எண்ணி, அவள் அப்பா பெயரையும், எந்த வயல் என்பதையும் நானே உரக்கச் சொன்னேன்.

“அப்படியா, நம்ம ஆளு மவளா?” என்றார் மாமா. வண்டிக்காரரிடம் திரும்பி, “பொழுது சாயுமுன்ன இந்தப் பிள்ளையக் கொண்டுபோயி விட்டுருலே” என்றார். ஒரு அடி இல்லை, ஒரு வசவு இல்லை. சட்டம் ஜெயித்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன்.

திங்கட்கிழமை இசக்கி பள்ளிக்கூடம் வரவில்லை. நான் எழுந்து நின்று, புள்ளி வைத்ததிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் வகுப்பில் சொன்னேன். சார் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“உங்க மாமா அவ அப்பா பேரக் கேட்டாரா?”

“ஆமா சார். நானே சொல்லிட்டேன்.”

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பாடம் நடக்கவில்லை. சாயங்காலம் நான் திரும்பிப் பார்த்தபோது, படத்துக்கு முன்னால் நின்று ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். புள்ளி போயிற்று, அந்த இடத்தில் தாளும் கொஞ்சம் கிழிந்தது.

அந்த வாரமே மாமா வயலைப் பிடுங்கிக்கொண்டார். நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்த வயல். இசக்கி குடும்பம் கணவாய் தாண்டி மலைத்தோட்டக் கூலிக்குப் போய்விட்டது. இதெல்லாம் பல வருஷம் கழித்து அந்த வண்டிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது, அவள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள் என்பது மட்டும். அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. பரீட்சையில் விளம்பரத்தைப் பற்றிக் கேள்வி வந்தது. ஓரெழுத்து விடாமல் எழுதி முதல் மார்க் வாங்கினேன். அவள் இருந்திருந்தால் அது அவளுக்குத்தான் என்று தெரிந்தே இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. மாமா அதற்காக எனக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தந்தார். நான் அதை உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

மூன்று வருஷம் நாங்கள் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த மூன்று வருஷத்தில் இசக்கி என்னைத் தொட்டது அந்த ஒரே தடவைதான். சொல்லாதே என்றுதான் பிடித்திருக்கிறாள். எனக்கு அன்று அது விளங்கவில்லை.