அம்மா தேர்ந்தெடுத்த ஜாக்கி

தூளி கட்டியதும் அதன் கயிற்றைப் பிடித்து நான் ஒருமுறை தொங்கிப் பார்ப்பேன். எட்டு மாதக் குழந்தைக்குக் கட்டிய தூளியை வளர்ந்த பெண் ஒருத்தி தொங்கிச் சோதிப்பதைப் பார்த்து என் கணவர் சிரிக்கிறார். அவர் சிரிப்பதும் நியாயம்தான். குழந்தையின் எடையால் அறாத கயிறு நான் தொங்கியதால் நைந்துபோயிருக்குமோ என்று எனக்கே பிறகு சந்தேகம் வரும். அவிழ்த்துப் புதிதாகக் கட்டுவேன். கட்டியதும் மறுபடி தொங்கிப் பார்ப்பேன். அப்படித் தொங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான், அம்மா ஜாக்கி வாங்க வந்த நாள் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு ராயபுரத்தில், தெருமுனைக்குப் போனால் கடல் தெரியும் இடத்தில் இருந்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விட்டுப்போன பழைய கார் எப்படியோ அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் எங்கள் தெருவில் கார் வந்து நின்றது, யாருக்காவது உடம்பு முடியாமல் டாக்டர் வந்தபோதுதான். எங்கள் காரோ வந்த நாளிலிருந்து தானே நோயாளியாக இருந்தது. கடற்காற்று அதன் அடிப்பக்க இரும்பைத் தின்றுகொண்டே இருந்தது. அதைத் தடுக்க அப்பா ஞாயிறுதோறும் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்குவார். அடியில் மல்லாந்து படுத்து, பழைய எஞ்சின் எண்ணெயைத் துணியில் தோய்த்து ஒவ்வொரு இரும்பாகப் பூசுவார். முகமெல்லாம் கறுத்து, மனம் குளிர்ந்து வெளியே வருவார். மெக்கானிக்கிடம் விட்டால் என்ன என்று அம்மா கேட்டால், "நம்ம வூட்டு வேலைக்கு வெளியாள் எதுக்கு?" என்பார். அம்மா பக்கத்தில் வந்து நின்றால், "உள்ள போ, புடவையில கறை படும்" என்று விரட்டிவிடுவார்.

வீட்டை ஒட்டிய இடம் முழுக்க மணல். அதனால் ஒரு செங்கல்லைப் போட்டு அதன்மேல்தான் ஜாக்கியை வைப்பார். ஒரு ஞாயிறு மத்தியானம் அந்தச் செங்கல் பிளந்தது. ஜாக்கி சாய்ந்து, கார் தொப்பென்று கீழே உட்கார்ந்தது. அப்பா தண்ணீர் குடிக்க அப்போதுதான் வெளியே வந்திருந்தார். எண்ணெய்த் தட்டு மட்டும் உள்ளே இருந்தது. சத்தம் கேட்டு அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"நான் இங்கதான் கீறேன்" என்று அப்பா சொம்பைத் தூக்கிக் காட்டினார்.

அம்மா திட்டவில்லை. குனிந்து, அப்பளம்போல நசுங்கிக் கிடந்த தட்டைப் பார்த்தாள். பிறகு வாசலுக்குப் போய்த் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். விடியலில் கடலுக்குப் போய் வந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பட்டறை வேலைக்காரர்கள் லீவு நாளென்று எங்கெங்கோ போயிருந்தார்கள். தெருவில் ஒரு ஆள் இல்லை. நடந்ததை யாரும் பார்க்கவில்லையே என்று அம்மா நிம்மதி அடைவதாக நான் நினைத்துக்கொண்டேன்.

புது ஜாக்கி வாங்குவதென்று முடிவானதும் அம்மா சொன்னாள்: "நானும் வரேன்."

"புடவை எடுக்கவா போறோம்?"

"புடவைன்னா நீங்களே எடுத்தாந்துடுங்க. இதுக்கு நான் வரேன்."

மூன்று பேரும் கை ரிக்‌ஷாவில் போனோம். அது ஒரு பெரிய காயலான் கடை. கப்பல் சங்கிலியும் துருப்பிடித்த நங்கூரமும் யுத்தத்துக்கு வந்த லாரிகளின் எலும்புகளும் முற்றத்தில் குவிந்து கிடந்தன. கடைக்கார பாய் முதலில் எடுத்து வைத்தது உயரமான ஒரு ஜாக்கி. பச்சை வண்ணம்கூட இன்னும் போகவில்லை. நீளமான கோலை அழுத்த அழுத்த, பல் பல்லாக மேலே ஏறும் வகை.

"மிலிட்டரி சரக்கு நைனா. யானையக்கூட தூக்கும்" என்றார் பாய். முற்றத்தில் நின்ற ஒரு லாரிக்கு அடியில் வைத்து அவரே அழுத்திக் காட்டினார். டக், டக் என்று லாரி எழும்பியது. அப்பாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் அதுதான் பிடித்தது.

அம்மா முன்னால் வந்தாள். "நான் ஒரு தபா அழுத்திப் பாக்கட்டுமா?"

இரும்பு ஏற்றிக்கொண்டிருந்த கைவண்டிக்காரர் சுமையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினார். "இன்னா நைனா, வூட்ல அம்மாதான் மேஸ்திரியா? அப்போ சோறு வடிக்கிறது நீயா?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், ஆனால் அவர் காது சிவந்துவிட்டது. அம்மா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை இடுப்பில் செருகி, வளையல்களை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு கோலை அழுத்தினாள். அது பாதி இறங்கி நின்றுவிட்டது. அம்மா சின்ன உருவம். எம்பி, இரண்டு காலும் தரையை விட்டு எழும்ப அதில் தொங்கினாள். லாரி அசையவில்லை. நான் நங்கூரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"வேற காட்டுங்க பாய்" என்றாள், மூச்சு வாங்க.

அடுத்து வந்தது உரல் மாதிரி குட்டையாக, கறுப்பாக ஒரு ஜாக்கி. நடுவில் திருகு, கம்பியை மாட்டிச் சுற்றவேண்டும். அம்மா அதன் உயரத்தைச் சாணால் அளந்தாள். "கார் முழுசா உக்காந்துட்டாலும் இது அடியில நுழையும், இல்ல?" என்று கேட்டாள். பிறகு சுற்ற ஆரம்பித்தாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். நெடுநேரம் கழித்து லாரி ஒரு விரற்கடை எழும்பியது.

"இது தூக்கறதுக்குள்ள லாரிக்கு நரை வந்துடும்மா!" என்றார் கைவண்டிக்காரர்.

"ஞாயித்துக்கிழமை முச்சூடும் இதையே சுத்திக்கினு இருக்கணும்" என்றார் அப்பா.

"சுத்துங்க. அன்னிக்கு உங்களுக்கு வேற இன்னா வேலை?" என்ற அம்மா, கம்பியை விட்டுவிட்டு எட்டப் போய் நின்று பார்த்தாள். லாரி இறங்காமல் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு என்னைத் தேடினாள். "இங்க வா. நீ சுத்து."

எனக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் பார்க்க, பள்ளிக்கூடப் பாவாடையோடு குந்தி உட்கார்ந்து கம்பியைப் பிடித்தேன். முதலில் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். நகர்ந்தது.

பாய் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வூட்ல வேற ஆம்பள யாரும் இல்லியாம்மா?"

"இவரு கீழ படுத்துட்டா, மேல நானும் இதுவுந்தான்" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

பாயின் சிரிப்பு நின்றது. "டேய், வண்டிய எடுத்துக்கினு கெளம்பு" என்று கைவண்டிக்காரரை அதட்டினார். உள்ளே போய், கப்பல் பலகைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து ஜாக்கியோடு வைத்தார். "இனிமே செங்கல் வெக்காதீங்க. இத்த வெச்சுக்கோங்க."

திரும்பும் வழியெல்லாம் அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அம்மா அந்த ஜாக்கியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஒரு நல்ல ஜாக்கியை இழந்தோம் என்பதில் அப்பாவுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அதற்குப் பிறகு ஒருநாள், பள்ளியில் அரை நாளோடு விட்டுவிட, மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். அம்மா காருக்குப் பக்கத்தில் மணலில் மண்டியிட்டிருந்தாள். கார் முழுக்க இறங்கியிருக்க, ஜாக்கியை அடியில் தள்ளிச் சுற்றித் தூக்கினாள். பிறகு இறக்கினாள். மறுபடி தூக்கினாள். கொண்டை அவிழ்ந்து முதுகில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும், "கை கால் கழுவிக்கினு சாப்பிட வா" என்றாள்.

சாயங்காலம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் நான் சொல்லிவிட்டேன்: "நீங்க இல்லாதப்போ அம்மா காரைத் தூக்கித் தூக்கி விளையாடுது."

அப்பா சிரித்தபடி அம்மாவைப் பார்த்தார். "எதுக்கு?"

"சும்மாத்தான். அவசரத்துல கை தெரியாம நிக்கக் கூடாதுல்ல" என்றாள் அம்மா, ரசத்தைக் கலக்கிக்கொண்டே.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. பிறகு, "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

அடுத்த ஞாயிறு பலகையை மணலில் அழுத்திவைத்து, பொறுமையாகச் சுற்றிச் சுற்றிக் காரைத் தூக்கினார். ஆனால் அடியில் போகவில்லை. எண்ணெய்த் தட்டோடு நின்றபடி சமையற்கட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்: "இந்தா, கொஞ்சம் வரியா?"

அம்மா முறத்தில் அரிசியோடு வந்து ஜாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் அப்பா படுத்தார். அந்தக் கார் எங்களிடம் இருந்தவரை அப்படியே நடந்தது. ஒருமுறைகூட அது விழவில்லை. எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கடையில் தோற்றதிலிருந்து அம்மாவைக் கூப்பிடாமல் ஒரு வேலையும் செய்ய முடியாதவராகிவிட்டாரே என்று நினைப்பேன். அவர் கட்சியில் ஓர் ஆளாவது இருக்கட்டுமென்று காரின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன்.

எனக்கு இருந்த குறை ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு மிகவும் தாமதமாகும். காசிமேட்டிலிருந்து வரும் மீன்காரம்மாள் காலையிலேயே மீனைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பாள். அம்மா அரிசியில் கல் பொறுக்குவாள், பருப்பைப் புடைப்பாள், என் பாவாடைக்குக் கொக்கி தைப்பாள். மீனை மட்டும் அங்கே கொண்டுவந்து ஆயமாட்டாள். அப்பா வெளியே வந்து எழுந்து நின்ற பிறகுதான் மீன் சட்டியைத் தொடுவாள். சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அதை ஆய்ந்தால் என்ன என்று பசியோடு முணுமுணுப்பேன்.

மீன் ஆய்ந்த கை இரும்பில் வழுக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.