திருப்பி எடுக்காத பன்னிரண்டு அளவுகள்

கிங்ஸ் சர்க்கிள் பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டதும் சுலோசனாவின் தம்பி நடராஜன் வரிசையை விட்டு வந்தான். "அக்கா போயிட்டா, சார். முந்தாநாள் கார்த்தால. ஆஃபீஸ்ல யாருக்கும் சொல்ல வேண்டாம்னுட்டா" என்றான். எட்டு வருஷம் ஒரே மேஜையில் வேலை பார்த்த எனக்கு இப்படித்தான் தெரிந்தது. எனக்கு அது வேண்டியதுதான்.

செம்பூர் ஆய்வுக்கூடத்தில் இருந்து, இன்று அவருக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் உங்களுக்கு சுலோசனாவின் பிடிவாதம் தெரியும். பிஸ்மத் என்ற உலோகத் துண்டின் ஒரு முனையைச் சூடாக்கி, குறுக்கே காந்தப்புலம் செலுத்தினால் பக்கவாட்டில் துளி மின்னழுத்தம் தோன்றும். அதை அளப்பதுதான் எங்கள் வேலை. பக்கங்களில் பற்றவைத்த கம்பிகள் மயிரிழை விலகியிருந்தாலும் வெப்பமே ஒரு பொய் மின்னழுத்தத்தைக் காட்டிவிடும். காந்தப்புலத்தைத் திருப்பினால் நிஜத்தின் குறி மாறும், பொய்யின் குறி மாறாது. அதனால் ஒவ்வொன்றையும், காந்தத்தைத் திருப்பி இன்னொருமுறை அளப்பார். நடுவில் சூடு நிலைக்க அரை மணி நேரம் காத்திருப்பார். நான் முணுமுணுத்தால், "சூட்டை விரட்ட முடியுமோ? சித்த உக்காருங்கோ" என்பார்.

அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள் மழை கொட்டியது. சயானில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறுகிறது என்றார்கள். திருப்பி எடுக்க வேண்டிய பன்னிரண்டு அளவுகளையும் உத்தேசமாக எழுதிவிட்டு ரயிலைப் பிடித்தேன்.

கட்டுரை இருவர் பெயரிலும் வெளிவந்தது. அதே சோதனையைச் செய்தும் எங்கள் அளவு தங்களுக்கு வரவில்லை என்று வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அவர் என்னிடம் ஒரே கேள்வி கேட்டார். "காந்தத்தைத் திருப்பி எடுத்தேளா?"

"எடுத்தேனே."

மறுபடி கேட்கவில்லை. மூன்று வாரம் தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக அளந்தார். பிறகு, பிழை தன்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அவருடைய ஜெர்மனிப் பயணம் நின்றது. வெப்பமானிகளைச் சரிபார்க்கும் அறைக்கு அவரை மாற்றினார்கள். மேஜை எனக்கு வந்தது. அதன்பின் தினமும் கேன்டீனில் அவருக்கு எதிரில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

மாட்டுங்காவில் துக்கம் கேட்கப் போனபோது நடராஜன் பழைய அளவுப் புத்தகத்தைக் கொடுத்தான். "உங்க கையெழுத்து இருக்காம். உங்ககிட்டயே குடுக்கச் சொன்னா."

அந்த மழை நாளின் பக்கத்தில் பன்னிரண்டு எண்களையும் ஒரு பென்சில் கோடு சேர்த்திருந்தது. அருகில் அவர் கையெழுத்தில், 'எடுக்கப்படவில்லை.' தேதி, அவர் பழியை ஏற்று எழுதிய கடிதத்துக்கு முந்தைய நாள். அந்தக் குறிப்பில் என் பெயர் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, திருப்பி எடுத்தேளா என்ற அந்தக் கேள்வி ஒன்றுதான். அவர் இருந்தபோது சொல்லாத உண்மையான பதிலை உங்கள் எல்லோர் முன்னிலும் சொல்கிறேன். எடுக்கவில்லை, சுலோசனா. அந்த எண்களை எழுதியவன் நான்.