அஷ்டமியன்று இணையத்தில் இருந்தவர்

சாவித்திரி, சுருக்கெழுத்தர், இரண்டாம் நிலை. தொழில்நுட்பத் தகுதி: இல்லை.

கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் ஆற்றைப் பார்த்திருந்த ஒரு பொதுத்துறை அலுவலகத்தின் பணிப்பதிவேடு 2003-இலும் இப்படித்தான் சொன்னது. அது எழுதப்பட்டது 1979-இல். மாலை வகுப்பில் ஜாவா படித்து அவர் வாங்கிய சான்றிதழை நிர்வாகப் பிரிவு மூன்று முறை பெற்று, மூன்று முறை தொலைத்தது.

துர்கா பூஜை விடுமுறைக்குப் பின் கணினிப் பிரிவுக்கு நேர்காணல். அவர் வயதுக்கு அதுவே கடைசி வாய்ப்பு.

அப்போது ஜாவாவில் எழுதிய டெண்டர் செயலி ஒன்று புதிதாக வந்தது. வெளித் தளத்திலிருந்து அது விவரம் எடுத்துவர வேண்டும், வரவில்லை. அலுவலக வலையைக் காத்த ஃபயர்வாலைத் தாண்ட, யார் போகிறார் என்று குறித்துக்கொண்டு வெளியே விடும் ப்ராக்ஸி ஒன்றே வழி. மேலாளர் வெங்கடராமனின் பிரவுசரில் அந்தத் தளம் திறந்தது. ஆகவே கோளாறே இல்லை என்று குறிப்பு எழுதிவிட்டார்.

"உங்க பிரவுசருக்கு ப்ராக்ஸி தெரியும் சார். ஜாவாவுக்குத் தனியாச் சொல்லணும்," என்றார் சாவித்திரி.

"சொல்லுங்கோ, யார் வேண்டாங்கறா?"

"பேரும் பாஸ்வேர்டும் கேக்குது. சர்வருக்குன்னு ஒண்ணு வாங்கணும்."

"அதுக்கு ஃபைல் போய் வரதுக்குள்ள காளி பூஜையே வந்துடும். இப்போதைக்கு யாரோடதையாவது போடுங்கோ."

"உங்களோடதப் போடட்டுமா சார்?"

"என்னோடதா? நான் ஆபீசராச்சே!"

சாவித்திரி தம்முடையதைப் போட்டார். செயலி சர்வரில் தானாக ஓடியது. வெங்கடராமனுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

பூஜை முடிந்ததும் சாவித்திரிக்கும் ஒரு கடிதம் வந்தது. அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, இரவு பகலாக, அலுவலகம் மூடியிருந்த பூஜை அஷ்டமியன்றுகூட இணையத்துக்குச் சென்றிருப்பதாக ப்ராக்ஸியின் பதிவு காட்டுகிறதாம். விசாரணை முடியும்வரை நேர்காணல் கிடையாது.

"அஷ்டமி அன்னிக்கு பூஜைப் பந்தல்ல கிச்சுடிப் பிரசாதம் வாங்க எனக்கு முன்னால நின்னது நீங்கதானே சார்?"

"நின்னேன். அதை யார் இல்லேன்னா? ஆனா ப்ராக்ஸி லாக்ல ஒங்க பேர்னா இருக்கு!"

விசாரணை இரண்டு ஆண்டு நடந்தது. தொழில்நுட்பத் தகுதி இல்லாதவர் சர்வரைத் தொட்டிருக்க முடியாது என்று, தம் பெயரில் போனது சர்வர்தான் என்ற அவருடைய விளக்கத்தைத் தள்ளினார்கள். அவருடைய இணையக் கணக்கை மட்டும் மூடவில்லை. மூடினால் டெண்டர் நின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். 2009-இல் சுருக்கெழுத்தராகவே ஓய்வு பெற்றார்.

அவர் செய்தது இது: சர்வரின் தொடக்கக் கோப்பில் ப்ராக்ஸியின் முகவரி, போர்ட் எண், தம் பெயர், தம் கடவுச்சொல் என்று நான்கு வரி எழுதினார்.