எதிரெதிரே இரண்டு கதவு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் சிவகாசியில் நான் கட்டிய லாட்ஜுக்கு வந்த சீட்டாட்டக் கூட்டம், விருதுநகர் வரைக்கும் வேறு எந்த லாட்ஜுக்கும் வந்ததில்லை. தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடிக் கிடக்கும் நாட்களில் ஆமத்தூர், விஸ்வநத்தம் பக்கமிருந்தெல்லாம் ஆள் வந்து, அறை கிடைக்காமல் வாசலில் நிற்பார்கள்.

உள்ளே என்ன இருந்தது? சிமெண்டுத் தரை, கோரைப்பாய், ஒரு மின்விசிறி, பானைத் தண்ணீர். டி.வி. கிடையாது. டீ கேட்டால் வரும். ஜெயித்தது யார், தோற்றது யார் என்று நாங்கள் கேட்க மாட்டோம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. லாட்ஜுக்கு முன்னால் நான் கொத்தனார். பட்டாசு ஆலைகளுக்கு வெடிமருந்து கலக்கும் மருந்து அறை கட்டியே முன்னுக்கு வந்தவன். வெடித்தால் எந்தப் பக்கமும் ஓட முடிய வேண்டும் என்று அந்த அறைகளில் எதிரெதிரே கதவு வைப்போம். எனக்குத் தெரிந்த அறை அதுதான், லாட்ஜிலும் அப்படியே வைத்தேன். ஒரு இன்ஜினியர் சிரித்தார். ஆலையில் வேலை பார்ப்பவர்கள் சிரிக்கவில்லை. இரண்டு கதவையும் திறந்து போட்டு நடுவில் உட்கார்ந்தால்தான் அவர்களுக்குச் சீட்டில் மனசு நிற்கும்.

என் சீட்டுக் கூட்டாளியும் அப்படித்தான். விஸ்வநத்தத்து ஆலை ஒன்றில் ஃபோர்மேன். ஒருமுறை மருந்து அறை வெடித்தபோது பின்கதவு வழியே குதித்துப் பிழைத்தவன். கூட இருந்த இரண்டு பேர் பிழைக்கவில்லை. அதைப் பற்றி அவன் பேசியதே கிடையாது. ரம்மியில் அவனை ஜெயிக்க என்னை விட்டால் ஆள் இல்லை. என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சாயங்காலமானால் எனக்கு அவன்தான்.

செல்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்ட காலம். கண் ஆபரேஷனுக்காக மதுரையில் இருந்துவிட்டுத் திரும்பினால், மகன் லாட்ஜின் முன்னறையில் ஏசி மாட்டி, பின்கதவைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருந்தான்.

"ஏசி இல்லாத ரூமுக்கு இனி எவன்ப்பா வருவான்?" என்றான்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முதல் ஆட்டத்துக்குக் கூட்டாளியைக் கூப்பிட்டேன். குளிர் போகக் கூடாதென்று மகன் முன்கதவையும் சாத்திவிட்டுப் போனான்.

"என்ன மாப்ள, ஊட்டி மாதிரி இருக்கா?"

"ஒங் காசுலே, குளுராம என்ன செய்யும்" என்று சிரித்தான்.

சீட்டைப் போட்டேன். அவன் கைச்சீட்டைப் பார்க்கவில்லை. பூசின சுவரையே பார்த்தான். அந்தக் குளிரிலும் கழுத்தில் வியர்த்து வடிந்தது. சீட்டைக் கவிழ்த்து வைத்து எழுந்தவன், செருப்பைக் கூட மாட்டாமல் தெருவில் நடந்தான்.

அப்புறம் வரவில்லை. நானே கடப்பாரையை எடுத்தேன். கண்ணுக்கு ஆகாது என்று மகன் தடுத்தான். "ஏலே, நான் வச்ச கதவு அது" என்றேன். ஒரே காலையில் சுவரை இடித்துப் பழைய கதவையே மாட்டினேன். அந்த வயதில் வேறு எந்தக் கொத்தனாரும் செய்திருக்க மாட்டான்.

அவன் வீட்டுக்குப் போனேன். மகள் வாசலுக்கு வந்தாள்.

"வாங்க மாமா. அப்பா வரமாட்டாக. அன்னைக்கு ஒங்க ரூம்ல இருந்து வந்ததுலருந்து, செத்துப்போன அந்த ரெண்டு பேரு பேரையே சொல்லிக்கிட்டிருக்காக. கதவச் சாத்த விடமாட்டேங்காக."

உள்ளே அவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"பின்கதவத் தெறந்துட்டேன் மாப்ள. வா, ஒரு கை போடுவோம்."

"அவுகளுக்கும் அதே பின்கதவுதான்" என்றான். "நான் முந்திக்கிட்டேன்."

எத்தனையோ பஞ்சாயத்தில் பேசி முடித்தவன் நான். அன்றைக்கு அவன் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷமும் லாட்ஜ் நிரம்பியது. ஆட்டத்துக்கு ஒரு கை குறைகிறது என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் போகவில்லை.